கூட வந்தவருக்கும் ஒரு கொப்பி

யாழ்ப்பாணத்தில் எந்த அரச வைத்தியசாலையின் கிளினிக் நாளுக்குப் போனாலும் காலை ஏழு மணிக்கே வாங்குகள் நிறைந்திருக்கும். ஒவ்வொருவர் மடியிலும் பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. அந்தக் கொப்பி உள்ளவருக்கு எல்லாம் உண்டு. அடுத்த திகதி உண்டு, குளிசை உண்டு, வராமல் விட்டால் "போன மாதம் ஏன் வரவில்லை?" என்று அதட்ட ஆள் உண்டு. சலரோகம் வந்துவிட்டவரை எங்கள் இலவச சுகாதார சேவை ஓரளவு நன்றாகவே தாங்குகிறது. வரப்போகிறவருக்குத்தான் எங்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. "சீனி கொஞ்சம் கூட நிற்கிறது, சாப்பாட்டில் கவனமாக இருங்கள்" என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிடுகிறோம். கொப்பியும் இல்லை, திகதியும் இல்லை. சில வருடங்கள் கழித்து அதே மனிதர் கண் மங்குகிறது என்றோ காற்புண் ஆறவில்லை என்றோ திரும்பி வரும்போது முறைப்படி பதிந்து கொப்பி கொடுக்கிறோம்.

நான் தாதிய உத்தியோகத்தர். குடாநாட்டின் ஒரு பிரதேச வைத்தியசாலையில் சலரோகக் கிளினிக்கிலும், நோயில்லாதவர்களை முன்கூட்டிப் பரிசோதிக்கும் அறையிலும் பல வருடங்களாக நிற்கிறேன். இதை முக்கியமாக என் தொழிலில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். வைத்தியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், மருந்தகத்தில் நிற்பவர் எல்லோருக்கும். மற்றவர்களும் வாசிக்கலாம். உங்களை நாங்கள் எப்படிக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது உங்களுக்கும் நல்லது.

முதலில் அந்த வாங்கைப் பற்றியே சொல்கிறேன். முன்கூட்டிய பரிசோதனைக்கு வாருங்கள் என்று சனசமூக நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டினால் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பில் அக்கறை உள்ளவர்கள். உண்மையில் பார்க்க வேண்டியவர் எங்கே இருக்கிறார்? அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, வாங்கின் ஓரத்தில் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருக்கிறார். நாற்பது வயது. சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுபடுகிறது. அம்மாவுக்குச் சலரோகம், அப்பா அதனாலேயே சிறுநீரகம் பழுதாகிப் போனவர். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் இவருக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. இவரைத் தேடி நாங்கள் ஊர் ஊராகப் போகத் தேவையில்லை, அவராகவே மாதாமாதம் வந்து எங்கள் வாங்கில் இருக்கிறார். அம்மாவின் கொப்பியைத் திறக்கும்போது "கூட வந்தது யார் அம்மா?" என்று கேட்பது மட்டும்தான் வேலை. அம்மா எழுந்து நின்று மகனைக் கூப்பிடுவார். மகன் மறுக்க மாட்டார். எங்கள் ஊரில் வைத்தியரின் சொல்லைத் தட்டுகிறவர்கள் உண்டு, நாலு பேர் முன்னால் அம்மா கூப்பிட்டுப் போகாமல் இருக்கிறவர்கள் குறைவு.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சலரோகமோ அதற்கு முந்திய நிலையோ இருந்ததாகக் கண்டது. இன்றைக்கு வாங்கைப் பார்க்கிற எவருக்கும் அது குறைந்திருக்கும் என்று தோன்றாது.

பிறகு அளவுநாடா. எங்கள் ஆட்களைத் தராசை மட்டும் வைத்துக் கணித்தால் தப்பிவிடுவார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்புதான் இங்கே அதிகம். அதனால்தான் ஆசிய மக்களுக்கு, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள், மேல்நாட்டவருக்கு 25. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. ஆனால் அதை எங்கே அளப்பது என்பதில்தான் குழப்பம். சாரம் கட்டியவர்கள் சாரத்தின் முடிச்சு இருக்கும் இடத்தைத்தான் இடுப்பு என்பார்கள், அது வயிற்றுக்குக் கீழே இறங்கியிருக்கும். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பை விரலால் தொட்டுக்கொள்ளுங்கள், இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஏதாவது கதை கேளுங்கள், பதில் சொல்லும்போது மூச்சு வெளியே வரும். அப்போது வாசியுங்கள். சேலை உடுத்தவர்களுக்கு மறைப்புக்குப் பின்னால் கொசுவத்தைத் தளர்த்தாமல் அளந்தால் அது துணியின் அளவுதான்.

இரத்தப் பரிசோதனையிலும் இப்படிச் சில்லறை விடயங்கள் உண்டு. மாம்பழக் காலத்தில் விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கருவி திடீரென்று 240, 260 என்று காட்டினால் முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கறுத்தக்கொழும்பான் சாறு விரலில் காய்ந்திருந்தால் கருவி அந்தச் சீனியையும் சேர்த்துத்தான் எண்ணும். மதுசாரப் பஞ்சால் ஒருமுறை தடவினால் அது முழுதாகப் போகாது. வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். "ஒன்றும் சாப்பிடவில்லை பிள்ளை, தேத்தண்ணீர் மட்டும்தான்" என்பவர்கள் ஏராளம். இன்னொரு கூட்டம், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மூன்று நாள் சோறு குறைத்துவிட்டு வரும். குளுக்கோஸ் கரைத்துக் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டிருந்தால்தான் கணக்கு நம்பத்தக்கது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடக் காட்டக்கூடும். அந்த ஒற்றை இலக்கத்தை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது.

எல்லைகள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்தவைதான். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில், 126 அல்லது அதற்கு மேல் என்றால் சலரோகம். 100 முதல் 125 வரை நடுப்பகுதி. உலக சுகாதார நிறுவனம் அதை 110இலிருந்து எண்ணுகிறது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வீதம் வரை, இவையும் நடுப்பகுதி. இந்த நடுப்பகுதியில் நிற்பவரிடம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது.

ஒருவர் வந்தார். கடை வைத்திருப்பவர், வெறும் வயிற்றில் 114. "பிள்ளை, எனக்குச் சீனி இருக்கிறதா இல்லையா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். இருக்கிறது என்றால் அன்றிலிருந்து தன்னை நோயாளி என்று எண்ணிக்கொண்டு கசாயம் தேடிப் போவார். இல்லை என்றால் வாசலில் நிற்கும் சிற்றுண்டி வானில் இரண்டு றோல்ஸ் வாங்குவார். நான் சொல்லும் விதம் இதுதான்: "ஐயா, இன்னும் இல்லை. ஆனால் இப்படியே விட்டால் வரக்கூடிய ஆட்களில் நீங்கள் ஒருவர். இன்றைக்கு 114. இது குறையவும் கூடும், கூடவும் கூடும். குறைக்க வழி இருக்கிறது, அதை நிரூபித்தும் இருக்கிறார்கள்."

நிரூபித்திருக்கிறார்கள் என்பதை நாங்களே முதலில் நம்ப வேண்டும். பரம்பரை வருத்தம், எப்படியும் வரும் என்று முடிவு கட்டிய தாதியர்களையும் வைத்தியர்களையும் எனக்குத் தெரியும். சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில் ஆறு வருடம் உணவும் உடற்பயிற்சியும் பற்றி வழிகாட்டப்பட்டவர்களை முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோதும், மற்றவர்களைவிட அவர்களிடையே இதய நோயும் இறப்பும் குறைவாகவே இருந்தன. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை அசைப்பது என்ற இரண்டு இலக்குகள்தான். சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது. இரத்தச் சீனியைக் குறைக்கும் மெற்போர்மின் குளிசை போட்டவர்களில் 31 வீதம் குறைந்தது. எழுபது கிலோ உள்ளவருக்கு ஏழு வீதம் என்றால் ஐந்து கிலோகூட இல்லை.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் சலரோக வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்டது. எங்களைப் போன்ற உடம்பு, எங்களைப் போன்ற சாப்பாடு. ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்று வருடத்துக்குள் 55 வீதமானவர்களுக்குச் சலரோகம் வந்துவிட்டது. வாழ்க்கை முறையை மாற்ற உதவி பெற்ற குழுவில் 39 வீதம். எங்கள் நடுப்பகுதிக்காரர் மேல்நாட்டவரைவிட வேகமாகச் சரிகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று அனுப்புவதற்கு நேரமில்லை.

இந்த ஆய்வுகளில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வழிகாட்டி இருந்தார், முதல் ஆறு மாதத்துக்குள் பதினாறு பாடங்கள் நடந்தன. 58 வீதம் என்பது அந்தப் பதினாறு சந்திப்பின் பலன். நாங்கள் ஒரு வரி சொல்லிவிட்டு "சனம் சொன்னால் கேட்பதில்லை" என்று அலுத்துக்கொள்கிறோம்.

பதினாறு சந்திப்பு எங்களால் முடியாது. ஒரு கிளினிக் நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நாங்கள் செய்தது, நடுப்பகுதியில் நிற்பவருக்கும் ஒரு கொப்பி கொடுத்ததுதான். நாற்பது தாள் அப்பியாசக் கொப்பி, ஊரவர் ஒருவர் அன்பளிப்பாக வாங்கித் தந்தது. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பக்கம். திகதி, நிறை, இடுப்பு, இரத்தச் சீனி, அவரே ஒப்புக்கொண்ட ஒரேயொரு மாற்றம், அடுத்து வர வேண்டிய திகதி. பக்கத்துக்கு ஒரு மாற்றத்துக்கு மேல் எழுதுவதில்லை. ஐந்து எழுதிய இடங்களில் ஒன்றும் நடக்காததைப் பார்த்திருக்கிறோம். அந்த ஒன்றையும் நாங்கள் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்து வர வேண்டும். "இதில் எது உங்களுக்கு இலேசு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

தேநீரிலிருந்து தொடங்குகிறவர்கள் அதிகம். நீர்வேலிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரோடு இருந்து எண்ணினேன். விடிய நாலு மணிக்குத் தண்ணீர் இறைக்கப் போகுமுன் ஒன்று. தோட்டத்தில் ஒன்று. காலைச் சாப்பாட்டோடு ஒன்று. பதினொரு மணிக்குச் சந்திக் கடையில் ஒன்று. பின்னேரம் ஒன்று. யாராவது வீட்டுக்கு வந்தால், அல்லது இவர் யாராவது வீட்டுக்குப் போனால், இன்னொன்று. ஆறு தேநீருக்கும் மூன்று மூன்று கரண்டி. பதினெட்டுக் கரண்டி என்றதும் அவரே திகைத்தார். கரண்டிக்கு ஐந்து கிராம் என்று பார்த்தால் 90 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "சீனியை விடுங்கள்" என்று நான் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறைப்பது என்று அவர் சொன்னார், கொப்பியில் எழுதினேன். நாக்கு மெல்ல மெல்லப் பழகும். ஒரேயடியாக நிறுத்தினவர் மூன்றாம் நாள் நாலு கரண்டி போட்டுக் குடிப்பார்.

சந்திக் கடைத் தேநீரும் அடுத்த வீட்டுத் தேநீரும் வேறு பிரச்சினை. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது குறை, கொடுத்ததைக் குடிக்காமல் எழும்புவது அதைவிடக் குறை. அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்: "வெறும் தேத்தண்ணீர் தாருங்கள், சீனியைப் பக்கத்தில் வையுங்கள்" என்று கேட்கலாம். எங்கள் ஊரில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடிக்கிற பழக்கம் முன்பே உண்டு, யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பனங்கட்டியும் சீனிதான். "பனங்கட்டி உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று நம்பிச் சீனிக்குப் பதிலாக அதை அள்ளிப் போடுகிறவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறிய துண்டாக இருந்தால் சேர்வது குறைவு, அவ்வளவுதான் அதன் நன்மை.

சோடா குடிக்கிற இளம் பொடியன்களுக்குப் போத்தலின் நிறப்பொட்டைக் காட்டுகிறேன். இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் பானப் போத்தல்களில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, நடுவில் மஞ்சள். பலர் தினமும் அந்தப் போத்தலைக் கையில் பிடித்தும் பொட்டைக் கண்டதில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஆணிடம் தனியாகப் பேசிப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வீட்டில் இரவுக்கு என்ன அவிகிறது என்பது அவர் கையில் இல்லை. ஆகவே இரண்டாவது திகதிக்கு வீட்டில் சமைப்பவரும் வர வேண்டும் என்று கொப்பியிலேயே எழுதிவிடுகிறோம். கிளினிக்கில் வெறும் சாப்பாட்டுக் கோப்பை, அதாவது தட்டு, ஒன்று வைத்திருக்கிறோம். "புட்டு எவ்வளவு போட்டுச் சாப்பிடுவீர்கள், கையால் காட்டுங்கள்" என்று அதை நீட்டினால் கணவர் நடுவில் ஒரு சிறு வட்டம் வரைவார். மனைவி சிரித்துக்கொண்டே அவர் கையைத் தள்ளிவிட்டுக் கோப்பையின் விளிம்புவரை ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் குவித்தும் காட்டுவார். அதன்பிறகு நான் சொல்ல வேண்டியது குறைவு. பாதிக் கோப்பை மரக்கறியும் கீரை வறையும், காற்பங்கு மீனோ பருப்போ பயறோ, மிச்சக் காற்பங்குதான் புட்டோ சோறோ. அம்மாவே விரலால் கோடு போட்டுக்கொள்வார்.

யாழ்ப்பாணச் சாப்பாட்டில் உள்ள வில்லங்கம் மூன்று வேளையும் மாப்பொருளாக இருப்பது. காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவு புட்டு அல்லது இடியப்பம். கோதுமை மா மலிவும் இலேசும் ஆனபிறகு வறுத்த சிவப்பரிசி மா பல வீடுகளில் விசேஷத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. குரக்கனுக்கு மாறுங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், நல்லதுதான், நார்ச்சத்து கூட. ஆனால் குரக்கன் மருந்தில்லை. "குரக்கன் புட்டுத்தானே" என்று இரட்டிப்பாகச் சாப்பிட்டு, மேலே ஒரு மாம்பழமும் பிசைந்து, சீனி ஏன் குறையவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. ஒடியலுக்கும் அதே கதை. முதலில் அளவு, பிறகுதான் எந்த மா என்ற கேள்வி. மாற்றம் எங்கள் கறிச்சட்டியிலிருந்து வர வேண்டும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, சின்ன மீன் எல்லாம் வேலியிலும் சந்தையிலும் கிடக்கும்போது ஓட்ஸ் வாங்கு, ஒலிவ் எண்ணெய் வாங்கு என்று துண்டெழுதிக் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வெளிநாட்டுப் பணம் வருகிற வீட்டுக்காரர் வாங்குவார். மற்றவர் அந்தத் துண்டை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, இது பணக்காரருக்கான வைத்தியம் என்று முடிவு செய்துவிடுவார்.

பெண்கள் தங்களைக் கடைசியில் வைப்பதையும் கவனிக்க வேண்டும். கணவருக்கு அளந்து போடுகிற அம்மா, எல்லோரும் சாப்பிட்டு முடிந்து மூன்று மணிக்கு, மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று சட்டியோடு சாப்பிடுவார். கணவருக்கு அறிவுரை கேட்க வந்த எத்தனையோ பேருக்குக் கணவரைவிடக் கூடிய இடுப்பளவு இருந்திருக்கிறது. நாடாவைக் கையில் எடுத்தால் இருவரையும் அளந்துவிடுங்கள்.

நடையைப் பற்றி. மேசன் வேலை செய்பவரிடமும் கடலுக்குப் போகிறவரிடமும் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று அச்சடித்த துண்டைக் கொடுப்பது அவமதிப்பு. அவர்களுக்கு வேறு பேச்சு வேண்டும். வேலைக்கு நடுவில் குடிக்கும் சோடா, வேலை முடிந்து குடிக்கும் சாராயம், புகை. நடை தேவைப்படுவது கந்தோரில் இருப்பவருக்கு, கடைக் கல்லாவில் இருப்பவருக்கு, முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. 2022இல் பெற்றோல் இல்லாதபோது அந்தச் சைக்கிள்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன, பெற்றோல் வந்ததும் திரும்பவும் தாழ்வாரத்தில் சாய்ந்துகொண்டன. சைக்கிள் வீட்டில் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று கேட்பது என் வழக்கம். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் அதில் போவது என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் வாரத்துக்கு 150 நிமிடத்தில் பெரும்பங்கு முடிந்துவிடும்.

நகரத்தில் பண்ணைக் கடற்கரையும் பழைய பூங்காவும் இருக்கின்றன, காலையிலும் பின்னேரத்திலும் நடக்கிறவர்களைக் காணலாம். கிராமத்துப் பெண்ணுக்கு அது உதவாது. "எந்த வேலையும் இல்லாமல் ரோட்டால் நடந்தால் என்ன சொல்வார்கள் மிஸ்? போதாததற்கு நாயும் கலைக்கும்." இந்தப் பதிலைச் சாக்கு என்று ஒதுக்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஒரு அம்மாதான் வழி கண்டுபிடித்தார். கோயில் வெளிவீதியைச் சுற்றினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பின்னேரப் பூசைக்கு அரை மணி நேரம் முந்திப் போய்ச் சுற்றத் தொடங்கினார், பிறகு அயலில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். இப்போது அந்தப் பகுதிப் பெண்களுக்குக் கொப்பியில் "வீதி சுற்றுதல்" என்றே எழுதுகிறோம். ஏற்கெனவே சலரோகம் வந்து காலில் உணர்வு குறைந்தவர்கள் மட்டும் வெறுங்காலோடு சுடுமணலில் இதைச் செய்யக் கூடாது.

இளம் தாய்மாரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் சீனி கூடியவர்களுக்குப் பிற்காலத்தில் சலரோகம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அவரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறோம். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கும், "எல்லாம் சரி" என்று அனுப்புகிறோம், அதன்பின் அவர் யாருடைய பட்டியலிலும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை நடக்க வேண்டும். கைக்குழந்தையை விட்டுவிட்டு அதற்காக எந்தத் தாய் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருவார்? ஆனால் பிள்ளையின் இரண்டாம் மாதத் தடுப்பூசியை எங்கள் தாய்மார் தவறவிடுவதேயில்லை, இந்த விடயத்தில் எங்கள் ஊரை அடிக்க முடியாது. இரண்டாம் மாதம் என்பது அந்த ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் விழுகிறது. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரோடு பேசி, கர்ப்பத்தில் சீனி இருந்த தாயின் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் தடுப்பூசித் திகதியையே குறித்துக்கொள்கிறோம். அன்றே, அல்லது அதையொட்டிய நாளில், தாய்க்கும் பரிசோதனை. பிறகு வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பதற்கு 12ஆம் மாத ஊசி இருக்கிறது, மூன்று வயது ஊசி இருக்கிறது.

பயமுறுத்திப் பார்க்கிறவர்களும் எங்களுக்குள் உண்டு. வெட்டிய காலின் படத்தைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். ஏற்கெனவே நோயுள்ளவர் அதைப் பார்த்துக் கலங்குவார். நடுப்பகுதிக்காரர் அது தன்னைப் பற்றியதல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், அல்லது பயந்து அடுத்த முறை வராமலே விடுவார். அதே சுவரில் பக்கத்துக் கடையில் இன்று விற்கும் கீரைகளின் பெயரை எழுதி வைத்தால் கூடப் பயன் உண்டு. சுவரை விட்டுத்தள்ளினாலும், வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவருக்கு முன்னால் சீனிப் பணிசும் பால் தேநீரும் தவிர வேறொன்றும் விற்காத சிற்றுண்டிச்சாலைகளை என்ன சொல்வது. சுண்டல் விற்கச் சொல்லிக் கேட்டால் "போகாது" என்கிறார்கள். கச்சானும் சுண்டலும் கோயில் திருவிழாவில் எப்படிப் போகின்றன என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

அடுத்த திகதிக்கு வராதவரைத் தேடுவது எல்லாவற்றிலும் சலிப்பான வேலை, பலன் கூடியதும் அதுதான். சென்னையில் அதே குழுவினர் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நடுப்பகுதியில் இருந்த ஆண்களுக்குக் கைத்தொலைபேசியில் அடிக்கடி சிறு குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள், அவ்வளவே. இரண்டு வருடத்தில் செய்தி பெற்றவர்களில் 18 வீதமானவர்களுக்கும் பெறாதவர்களில் 27 வீதமானவர்களுக்கும் சலரோகம் வந்தது. இதற்கு வைத்தியரும் வேண்டாம், கட்டிடமும் வேண்டாம். நாங்கள் அனுப்புவது பொதுவான அறிவுரை இல்லை, கொப்பியில் எழுதிய அந்த ஒன்றைத்தான் கேட்போம்: "அண்ணா, தேத்தண்ணீர் எத்தனை கரண்டியில் நிற்கிறது?" மறுமொழி வருகிறது. சில நேரம் பொய்யாகவும் வருகிறது, பரவாயில்லை, பொய் சொல்கிறவர் மறக்கவில்லை.

"இவ்வளவு கரைச்சல் எதற்கு, ஒரு குளிசையைத் தாருங்கள்" என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மெற்போர்மினுக்கு இடம் உண்டு. நிறை மிகக் கூடியவர், வயது குறைந்தவர், கர்ப்பத்தில் சீனி வந்தவர், எவ்வளவு முயன்றும் இலக்கம் ஏறிக்கொண்டே போகிறவர், இவர்களுக்கு வைத்தியர் யோசிப்பார். சென்னை ஆய்வில் குளிசையையும் வாழ்க்கை மாற்றத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியே கிடைத்ததைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே குளிசை இல்லை என்றதும் தன்னைக் கைவிட்டதாக நினைக்கிறவருக்கு இதை இருந்து விளக்க நேரம் எடுக்க வேண்டும். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கருவியால் நாளுக்கு நாலு தரம் விரலைக் குத்தி, 110க்கும் 118க்கும் இடையில் உயிரை விடுகிறவருக்கும் அதே நேரம் தேவை. அவரிடம் கருவியை அலுமாரியில் வைக்கச் சொல்லி, நாடாவைக் கொடுத்து அனுப்புவேன்.

எல்லாம் செய்தும் சிலர் எல்லையைத் தாண்டுவார்கள். வாழ்க்கையை மாற்றியவர்களிலும் 39 வீதம் தாண்டினார்கள் என்பதை மறக்கக் கூடாது. 114இல் வந்த அந்தக் கடைக்காரர் ஆறு கிலோ குறைத்தார், 104வரை இறக்கினார், இரண்டு வருடம் அங்கே நிறுத்தினார், பிறகு மெல்ல ஏறி ஒருநாள் 131. மறுபடி எடுத்துப் பார்த்தோம், 129. என் முகத்தைப் பார்க்காமல் "இவ்வளவும் செய்து என்ன பிள்ளை?" என்றார். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக் காட்டினேன். கண் பரிசோதனை முடிவு வந்திருந்தது, பழுதில்லை. சிறுநீரில் புரதம் இல்லை. பிரஷர் முந்தியதைவிடக் குறைவு. அவருடைய அண்ணனைத் தெரியும் எங்களுக்கு, அவர் முதன்முதலில் கிளினிக்குக்கு வந்ததே கால்விரல் கறுத்த பிறகு. வைத்தியர் மெற்போர்மின் எழுதினார், இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. எழுந்து போகும்போது கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: குளிசை தொடங்கினால் சைக்கிளை விடலாமா? விட வேண்டாம் என்றோம். வெளியே அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான், முப்பத்தாறு வயது. அவனையும் உள்ளே வரச் சொன்னோம்.